ஆச்சா மரம், கொருக்கைத் தட்டை, ஜெனரேட்டர்

நான் நாகஸ்வரம் வாசிக்கிறவன். கல்யாணத் தேதி பேச வருகிறவர்களிடம், சம்பாவனை முடிவாகும்போதே சில விஷயங்களைச் சொல்லிவிடுவது என் வழக்கம். மேளத்துக்கு மைக் வேண்டாம். எங்களுக்கென்று பாட்டில் தண்ணீர் வாங்கி வைக்க வேண்டாம். பானைத் தண்ணீர் போதும், சொம்பும் பிளாஸ்க்கும் நாங்களே கொண்டு வருவோம். மரியாதை செய்ய நினைத்தால் பளபளக்கிற பாலியெஸ்டர் பொன்னாடை வேண்டாம், ஒரு கைத்தறித் துண்டு போர்த்துங்கள். மாப்பிள்ளை அழைப்பில் ஜெனரேட்டர் வண்டி வருவதாக இருந்தால் அது மேளத்துக்கு முன்னால் போகக் கூடாது.

முகம் சுளித்தவர்கள் குறைவு. பெரும்பாலும் "சரிங்க, எங்களுக்கும் செலவு மிச்சம்" என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் சொல்ல வேண்டிய நேரம் அதுதான், அட்வான்ஸ் கை மாறுவதற்கு முன்னால். மண்டபத்தில் போய் உட்கார்ந்த பிறகு சொன்னால் பாட்டில் பெட்டி ஏற்கெனவே வந்து இறங்கியிருக்கும், பொன்னாடை தாம்பாளத்தில் மடித்து வைத்திருக்கும். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தண்ணீர்ப் பாக்கெட்டுக்கும் பிளாஸ்டிக் கப்புக்கும் தடை இருக்கிறது. பாட்டில் தண்ணீர் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் அதை வேண்டாம் என்று நாமாகச் சொன்னால்தான் உண்டு. கலைஞர் வாய் திறந்து கேட்டால் விழா நடத்துகிறவர்கள் மறுப்பதில்லை. மேடை ஏறுகிற எல்லாரிடமும் இந்தச் செல்வாக்கு இருக்கிறது, பயன்படுத்துகிறவர்கள்தான் குறைவு.

எங்கள் செட்டில் தாளம் போடுகிற தம்பி ஒருநாள் வேனில் வரும்போது கேட்டான்: "மாமா, நாம ஊதுறோம், அடிக்கிறோம். இதுல சுற்றுச்சூழலுக்கு நாம என்ன கெடுதல் பண்ணிட்டோம்?" நியாயமான கேள்வி. பாட்டரி இல்லாமல், கம்பி இல்லாமல், மூச்சிலும் விரலிலும் நடக்கிற வாத்தியம் நம்முடையது. ஆனால் கையில் இருக்கிற அந்தக் கட்டை எங்கிருந்து வந்தது, ஊதுவதற்கு வாயில் வைக்கிற சீவாளி எங்கே முளைத்தது என்று அவனுக்கு யாரும் காட்டியதில்லை. மறு வாரமே நரசிங்கம்பேட்டைக்கு அழைத்துக்கொண்டு போனேன்.

ஆடுதுறைக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன ஊர் அது. நாகஸ்வரம் செய்கிற ஆசாரிகள் தலைமுறை தலைமுறையாக அங்கேதான் இருக்கிறார்கள். 2022 மார்ச்சில் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வாத்தியத்தின் உடலான உளவை ஆச்சா மரத்திலும், கீழே விரிந்து நிற்கிற அணசை வாகையிலும் செய்கிறார்கள். ஆச்சா நம் நாட்டு மரங்களிலேயே கனமான ஒன்று. ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டால் மிதக்காது, மூழ்கும். அதை வெட்டி வந்த சூட்டில் கடைந்துவிட முடியாது. பச்சை மரத்தில் ஈரம் இருக்கும். துளை போட்ட பிறகு கட்டை காய்ந்து சுருங்கினால் சுருதி தப்பும், வெடிக்கவும் வெடிக்கும். அதனால் ஆசாரிகள் காட்டைத் தேடிப் போவதில்லை, பழைய வீடு இடிக்கிற இடத்தைத் தேடிப் போகிறார்கள். ஐம்பது வருஷமோ நூறு வருஷமோ கூரைக்கு அடியில் காய்ந்து கிடந்த உத்தரமும் தூணும்தான் அவர்களுக்குச் சரக்கு.

நாங்கள் போன அன்று பட்டறையில் அப்படி ஒரு உத்தரம் கிடந்தது. எத்தனையோ வருஷத்து அடுப்புப் புகை ஏறி மேலெல்லாம் கன்னங்கரேலென்று இருந்தது. ஒரு முனையில் சுண்ணாம்பு காய்ந்து ஒட்டியிருந்தது, நடுவில் ஊஞ்சல் கொக்கி மாட்டியிருந்த துளை. ஆசாரி அதன் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொண்டே போய், ஆணி அடித்த இடங்களிலெல்லாம் சாக்குக் கட்டியால் வட்டம் போட்டார். பாரி என்கிற நீள நாகஸ்வரத்துக்கு இரண்டடிக்கு மேல் ஆணித் துளையும் வெடிப்பும் இல்லாத நேர்த்துண்டு வேண்டும். நாகஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளை காலத்தில் சுருதி இறங்கி, நீளமான பாரி பரவிய பிறகு அப்படிப்பட்ட கட்டைக்குத் தேவையும் கூடிவிட்டது. அத்தனை பெரிய உத்தரத்தில் அந்த வட்டங்களைத் தவிர்த்துப் பார்த்தால் தேறுவது கொஞ்சம்தான். இழைப்புளி ஒரு தடவை ஓடியதும் கறுப்பு உரிந்து உள்ளே கருஞ்சிவப்பு தெரிந்தது. தம்பி குனிந்து மோந்து பார்த்தான். துறப்பணம் போட்டு உள்துளையைக் கடைவதிலிருந்து ஏழு விரல் துளைக்கு இடம் குறிப்பது வரை எதிலாவது கை பிசகினால் அந்தத் துண்டு வீண் என்று ஆசாரி சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

மறுபயன்பாடு, மறுசுழற்சி என்றெல்லாம் இன்று மேடை போட்டுப் பேசுகிற காரியத்தை இந்த ஆசாரிகள் எப்போதோ தொழிலாகவே செய்துகொண்டிருந்திருக்கிறார்கள். எனக்கு இதில் பெருமை உண்டு. ஆனால் கவலையும் அங்கேதான் இருக்கிறது. அந்த வீடுகளைக் கட்டிய காலத்தில் ஆச்சா உத்தரம் போட்டார்கள். இப்போது அவற்றை இடித்துவிட்டுக் கான்கிரீட் தளம் போடுகிறோம். இந்தக் கான்கிரீட் வீட்டை என் பேரன் காலத்தில் இடித்தால் உள்ளேயிருந்து கம்பிதான் வரும். இன்று நாம் வாசிப்பது நம் பாட்டன் பூட்டன் காலத்தில் வெட்டிய மரத்தை. நமக்குப் பின்னால் வருகிறவன் எதை வாசிப்பான்?

தவிலுக்கு இந்தக் கவலை அவ்வளவாக இல்லை. தவில் கட்டை பலா மரம். பலாவைப் பழத்துக்காக ஜனங்கள் நட்டுக்கொண்டே இருப்பார்கள். 2011 டிசம்பரில் தானே புயல் வந்து கடலூர் மாவட்டத்தில் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்துவிட்டுப் போனது. ஆனாலும் பண்ருட்டிக்காரர்கள் மறுபடி நட்டார்கள். ஆச்சாவில் தின்பதற்குப் பழமில்லை. அதை நட்டு வளர்க்க நம்மைத் தவிர யாருக்கும் அவசரமும் இல்லை.

எங்கள் டெல்டா மண்ணும் அதற்கு ஒத்துவராது. வறண்ட காட்டு மரம் அது. சேலம், தர்மபுரிப் பக்கத்துக் கல்லும் சரளையுமான நிலத்தில் நன்றாக நிற்கும். என் மனைவிக்கு ஓமலூர் பக்கம் ஊர். மாமனார் நிலத்தில் வேலியோரமாகக் கொஞ்சம் கன்றுகள் வைத்திருக்கிறோம். வனத்துறை நாற்றங்காலில் கேட்டு வாங்கியவை. தண்ணீர் அதிகம் கேட்காத மரம், ஆனால் ஆடுகளுக்கு அந்தத் தழை மேல் கொள்ளை ஆசை. முள் வேலி கட்டிக் காப்பதுதான் பெரிய பாடு. மாமனார் முதலில் "இது எப்ப வளர்ந்து நீங்க எப்ப ஊதப் போறீங்க மாப்பிள்ளை?" என்றார். நான் ஊதப் போவதில்லை என்று அவருக்கும் தெரியும். இப்போது ஊருக்குப் போன் பண்ணினால் பேத்திகளைப் பற்றிச் சொல்லிவிட்டு அப்புறம் கன்றுகளைப் பற்றியும் சொல்கிறார்.

மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் நாகஸ்வரமும் தவிலும் படிக்க வருகிற பிள்ளைகளை ஒரு தடவை பட்டறைக்கும் ஒரு தடவை ஆற்றங்கரைக்கும் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. கட்டை வருகிற வழி தெரிந்தால் கட்டையைப் பார்த்துக்கொள்ளவும் தெரியும். வாசித்து முடித்ததும் உள்ளே ஈரத்தைத் துடைக்காமல் பையில் திணிப்பது, வெயிலில் நிற்கிற கார் டிக்கியில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போவது, மெல்லிய கீறல் விழுந்தால் பூண் போட்டுச் சரி பண்ணாமல் புதிது வாங்கப் போவது, இதையெல்லாம் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. என் கையில் இருப்பது பெரியப்பா வாசித்த நாகஸ்வரம். இரண்டு இடத்தில் வெள்ளிப் பூண் இருக்கிறது. நாதம் இன்னும் அப்படியே இருக்கிறது. ஒரு கலைஞன் மரத்துக்குச் செய்யக்கூடிய முதல் உபகாரம், இருக்கிற வாத்தியத்தை அடுத்த தலைமுறை வரை கொண்டுபோவது.

ஆற்றங்கரை என்று சொன்னேன் அல்லவா, அது சீவாளிக்காக. காவிரி, கொள்ளிடக் கரைகளில் வளர்கிற கொருக்கைத் தட்டையை அறுத்து, நன்றாகக் காயவிட்டுப் பதப்படுத்திச் சீவாளி கட்டுகிறார்கள். திருவாவடுதுறைச் சீவாளிக்குத் தனிப் பெயர். உலகத்தில் எந்த ஊர்க் கோயிலில் நாகஸ்வரம் ஒலித்தாலும் அதன் வாயில் இருப்பது எங்கோ ஓர் ஆற்றங்கரைப் புல். எங்கள் பக்கம் சீவாளி கட்டுகிறவர்கள், முன்பு நடந்து போய் அறுத்த தட்டையை இப்போது வண்டி கட்டிக்கொண்டு தேட வேண்டியிருக்கிறது என்கிறார்கள். ஜூன் 12 மேட்டூர் திறப்புக்கு முன்னால் வாய்க்கால் தூர்வாருகிற வேலை நடக்கும்போது பொக்லைன் கரையையும் சேர்த்து வழித்துக்கொண்டு போய்விடுகிறது. வாய்க்காலுக்குள் வளர்ந்து தண்ணீரை மறிக்கிற கோரையையும் ஆகாயத்தாமரையையும் எடுத்துத்தான் ஆக வேண்டும், விவசாயிக்கு அது உயிர்ப் பிரச்சினை. கரைமேல் நிற்கிற கொருக்கைப் புதரை விட்டுவைத்தால் யாருக்கும் நஷ்டமில்லை, அது கரை மண்ணையும் பிடித்துக்கொள்ளும். அக்டோபர் 2 கிராம சபையில் நானும் சீவாளி கட்டுகிறவர் ஒருவரும் எழுந்து இதைச் சொன்னோம். மேளக்காரர் கிராம சபையில் பேசுவது எங்கள் ஊரில் புதுசு. எழுதிக்கொண்டார்கள். இந்த வருஷம் ஒரு பக்கத்துக் கரையில் புதர் தப்பியது. இனிமேலும் ஒவ்வொரு சபையிலும் எழுந்து சொல்வோம்.

யானைத் தந்தத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. சீவாளியைப் பதம் பார்க்கிற ஊசியைப் பெரியவர்கள் தந்தத்தில் வைத்திருப்பார்கள். சீவாளிக் கொத்தோடு வாத்தியத்திலேயே கட்டித் தொங்கும். தஞ்சாவூர் வீணையிலும் தந்த வேலைப்பாடு இருந்தது. 1986இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி இந்தியத் தந்த வியாபாரத்தைத் தடை செய்தார்கள், 1991இல் ஆப்பிரிக்கத் தந்தத்துக்கும் கதவு மூடியது. நாதத்துக்கு ஒரு குறையும் வரவில்லை. மர ஊசியும் பித்தளை ஊசியும் அதே வேலையைச் செய்கின்றன. "பழைய சரக்கு, அசல்" என்று யாராவது ரகசியமாகக் கொண்டுவந்து காட்டினால் தயவுசெய்து வாங்காதீர்கள்.

தவில் தோலைப் பற்றிக் கேட்பவர்களும் உண்டு. பாலாற்றைக் கெடுத்தது தோல் பதனிடும் கழிவுதானே, அதை எதிர்த்து வேலூர்க்காரர்கள் போட்ட வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னதே என்று. அது செருப்புக்கும் பைக்கும் குரோமியம் போட்டுப் பதனிடுகிற தோல். மேளத்துக்குப் போவது அப்படிப் பதனிடாத, வெயிலில் காயவைத்த பச்சைத்தோல். அதைக் கட்டுகிறவர்களின் பிழைப்பும் அதில் இருக்கிறது. பிளாஸ்டிக் தோலுக்கு மாறுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

இனி ஜெனரேட்டருக்கு வருகிறேன். இதில்தான் எனக்குக் கோபம் அதிகம்.

நாகஸ்வரம் திறந்தவெளிக்கென்றே பிறந்த வாத்தியம். சந்நிதித் தெருவில் மல்லாரி ஆரம்பித்தால் மேலவீதியில் கோலம் போடுகிறவருக்குச் சாமி புறப்பட்டுவிட்டது தெரியும். அந்த வாத்தியத்துக்கு முன்னால் மைக்கை நீட்டி, ஆளுயரப் பெட்டி இரண்டு வைத்து, அதற்கு மின்சாரம் கொடுக்க டீசல் ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றி இழுத்துக்கொண்டு வருகிறார்கள். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கியே கூடாது. அந்தப் பெட்டிகளுக்கு முன்னால் நிற்கிற குழந்தை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அழுவதை வாசித்துக்கொண்டே பார்த்திருக்கிறேன். குழந்தைகளைப் பயமுறுத்தவா இந்தக் கலையைக் கற்றோம்?

புகை அதைவிட மோசம். ராகத்தில் ஒரு நீண்ட பிடிக்கு அடிவயிற்றிலிருந்து மூச்சு இழுக்க வேண்டும். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்துவிடலாம், நாகஸ்வரக்காரனால் முடியாது. காற்று எங்கள் பக்கம் திரும்பினால் தோடி ஆலாபனையோடு டீசலையும் சேர்த்து உள்ளே இழுக்கிறோம். மறுநாள் காலையில் தொண்டையில் அந்தக் கசப்பு இருக்கும். பெரியப்பா தொண்டையைப் பட்டுத்துணி போலப் பார்த்துக்கொண்டார்; மோர்கூட நேரம் பார்த்துத்தான் குடிப்பார்.

எங்கள் ஊர்க் கோயில் தர்மகர்த்தாவிடம் போய் இதைச் சொன்னேன். "என்ன வித்வான், லைட் இல்லாம சாமிய இருட்டுலயா கொண்டு போறது?" என்றார். லைட் வேண்டாம் என்று சொல்லவில்லை ஐயா, வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கிற டியூபுலர் பேட்டரியை வண்டியில் வைத்து எல்இடி போட்டால் நாலு வீதியும் சுற்றிவர அது தாங்கும், ஒலிபெருக்கி இல்லையென்றால் ஜெனரேட்டருக்கே வேலையில்லை என்றேன். கோயிலுக்கு வயரிங் பார்க்கிற தம்பியும் ஆமாம் என்றான். பங்குனி உற்சவத்தில் ஒரு நாள் புறப்பாட்டுக்கு மட்டும் செய்து பார்த்தார்கள். அன்று தெற்குவீதி திரும்பும்போது தவில்காரர் ஒரு தாளச் சொல்லை மெதுவாக வாசித்தார், அது பின்வரிசை வரை கேட்டது. பெரியவர்கள் நடந்து வரும்போதே தலையாட்டினார்கள். மறுநாளிலிருந்து உற்சவம் முழுக்க அப்படியே நடந்தது. டீசல் காசு மிச்சமானதில் தர்மகர்த்தாவுக்கும் சந்தோஷம்.

இது கிராமத்துக் கோயிலுக்கு மட்டும் ஆகிற காரியம் என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் இருக்கிற தங்கை மகன் ஒரு செய்தி சொன்னான். மாசிவ் அட்டாக் என்று ஒரு பெரிய குழு. 2019இல் மான்செஸ்டரில் இருக்கிற டிண்டால் பருவநிலை ஆய்வு மையத்திடம் போய், இசைத் தொழிலில் கரியமில வாயு எங்கெங்கே வருகிறது, எப்படிக் குறைக்கலாம் என்று ஆராய்ந்து சொல்லுங்கள் என்று கேட்டார்களாம். 2024 ஆகஸ்டில் சொந்த ஊரான பிரிஸ்டலில் ஆயிரக்கணக்கானவர்கள் கூடிய திறந்தவெளிக் கச்சேரியை டீசல் ஜெனரேட்டரே இல்லாமல் பேட்டரி மின்சாரத்தில் நடத்தியிருக்கிறார்கள். கேட்க வந்தவர்கள் இரவில் திரும்பிப் போகக் கூடுதல் ரயிலும் விடச் செய்தார்கள். எலெக்ட்ரிக் கிதார் வாசிக்கிறவர்களால் முடிந்தது, மின்சாரமே தேவைப்படாத வாத்தியக்காரர்களான நம்மால் முடியாதா?

ரயில் என்றதும் நம் பயணமும் ஞாபகம் வருகிறது. இரண்டு நாகஸ்வரம், இரண்டு தவில், தாளம் என்று ஒரு செட்டு கிளம்பினால் வேன் இல்லாமல் நடப்பதில்லை. சென்னைக்கு என்றால் நாங்கள் கும்பகோணத்தில் ரயில் ஏறுகிறோம். தவிலுக்குத்தான் இடம் பிடிக்கச் சிரமம், சீக்கிரம் போய் ஏறினால் சமாளிக்கலாம். தூரத்து ஊராக இருந்தால் சிறப்புத் தவிலுக்கு அந்தப் பக்கத்துக் கலைஞரையே போடச் சொல்கிறேன். ஒரு பயணம் குறையும், அந்த ஊர் ஆளுக்கும் வருமானம், புதுக் கையோடு வாசிக்கிற சுவாரசியமும் உண்டு. வெளிநாட்டுக் கோயில்களுக்குப் போகிறவர்களுக்கும் இதே யோசனைதான். ஜெர்மனியில் ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் தேர் கோடையில் நடக்கும், ஐரோப்பாவின் மற்ற ஈழத் தமிழர் கோயில்களிலும் அதே காலத்தில் திருவிழா வரும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக விமானத்தில் ஆள் பறப்பதை விட, கோயில்காரர்கள் தங்களுக்குள் பேசிவைத்து ஒரே செட்டை அந்தப் பருவம் முழுக்க அங்கேயே தங்க வைக்கலாம். யாழ்ப்பாணத்துத் தவில் வித்வான்கள் இதை நன்றாகச் செய்கிறார்கள், நாமும் கேட்டுப் பார்க்கலாம்.

கடைசியாக, வாத்தியமே வாசிக்காதவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய வீட்டை இடிக்கப் போகிறீர்கள் என்றால், மொத்தமாக ஒப்பந்தம் பேசுவதற்கு முன்னால் உத்தரத்தையும் தூணையும் தச்சரிடம் காட்டுங்கள். ஓர் ஓரத்தில் கொஞ்சம் சீவிப் பார்த்துக் கருஞ்சிவப்பாக, தூக்க முடியாத கனமாக இருந்தால் அது ஆச்சாவாக இருக்கலாம். விறகுக் கடைக்கு அனுப்பிவிடாதீர்கள். நரசிங்கம்பேட்டையில் எந்தப் பட்டறையில் சொன்னாலும் ஆள் வந்து பார்த்து விலை சொல்லி எடுத்துக்கொள்வார்கள். அவர்கள் வருகிற வரைக்கும் லாரியில் ஏற்ற வசதி என்று துண்டு துண்டாக அறுத்துவிடாமல் முழு நீளத்தில் ஓரமாகப் போட்டு வையுங்கள். அறுத்துவிட்டால் பாரிக்கு ஆகாது.